வெள்ளைப் பறவைப் பெட்டி

நான் இருக்கும் ஊரில் பழம் கருத்தால் சந்தோஷப்படுகிறார்கள். ஆப்பிளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே மாவுச்சத்து மிச்சமிருக்கும் இடமெல்லாம் மை கொட்டினதுபோலக் கருக்கும். மாவு சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். கருப்பு நன்றாகத் தெரிந்தால் தோட்டக்காரர் முகம் மலர்கிறது, வெள்ளை பரவியிருந்தால் தொங்கிப்போகிறது. மருந்து பட்ட ஆப்பிளை யாரும் தின்ன முடியாது. எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அறுவடைக் காலம் முழுவதும் கூடை கூடையாக ஆப்பிள் வெட்டிவிட்டு, மத்தியானம் டப்பாவைத் திறந்து புளிசாதம் தின்பவளாக நான் இருந்தேன்.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஒரு கடலோரச் சிற்றூர் இது. எங்கள் புதுப்பட்டினத்தைப் போலவே இங்கும் கடல் கிழக்கே இருக்கிறது. வேறு ஒற்றுமை எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். நடுவில், தோட்டக்காரர்களின் பழத்தைக் குளிரில் வைத்துப் பெட்டி கட்டிக் கப்பலேற்றும் பேக்ஹவுஸ். அதன் பரிசோதனை மேசையில் மூன்று அறுவடைக் காலம் நின்றேன். வெள்ளைக் கோட்டு, நீளமான கத்தி, சதையை அமுக்கிக் கெட்டித்தன்மை பார்க்க ஒரு கருவி, சாற்றின் இனிப்பை அளக்க இன்னொரு கருவி. ஒரு தோட்டத்துப் பழம் குளிர் அறையில் எவ்வளவு காலம் தாங்கும் என்று அது மரத்தில் இருக்கும்போதே சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். செங்கல்பட்டுக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்த் தாவரவியல் படித்து, பிறகு இங்கே வந்து தோட்டக்கலை படித்தவள். அந்தக் கத்தியைப் பிடித்த விதத்தில் கொஞ்சம் கர்வம் இருந்ததென்றால், இருந்ததுதான்.

முதல் வாரத்திலேயே ஒரு தோட்டக்காரரை அழ வைக்கப் பார்த்தேன். வால்ட்டர் என்று பெயர், அறுபதைத் தாண்டியவர், மனைவியோடு சேர்ந்து தானே மரங்களைக் கவாத்து செய்கிறவர். அவர் கொண்டுவந்த பழத்தை வெட்டினேன். மருந்து தெளித்தும் ஒரு புள்ளிகூடக் கருக்கவில்லை. சாறு கத்தியில் வழிந்தது. அப்படி ஒரு வாசனை. முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து, "உங்கள் பழம் அருமையாகப் பழுத்துவிட்டது" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். துக்கச் செய்தி கேட்டவர்கள் இங்கே அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. மரியாதை செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் தலையைக் குனிந்து வணங்கினேன்.

அவர் துக்கத்துக்குக் காரணம் இருந்தது. மரத்திலேயே முழுசாகப் பழுத்த ஆப்பிள் இன்றைக்குத்தான் ருசி. அதைக் குளிரில் நீண்ட நாள் வைத்தால் சதை மாவு மாவாகப் போய்விடும், நடுவிலிருந்து பழுப்பேறும். வெளியே தோல் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. அதற்காக ரொம்ப முன்னாலேயே பறித்துவிட்டாலும் தப்பு. பிஞ்சாகப் பறித்தது குளிரில் சுருங்கும், தோலில் தீய்ந்த மாதிரி தழும்பு விழும், எத்தனை மாதம் வைத்தாலும் இனிப்பு வராது. இரண்டுக்கும் நடுவில், உள்ளே விதையைச் சுற்றி வெள்ளை விழுந்து ஓரமெல்லாம் இன்னும் கருப்பாக இருக்கும் சில நாட்கள் வரும். அந்த நாட்களில் பறித்ததுதான் மாதக்கணக்கில் தாங்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் இதைச் செங்காய் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் சொல்லும் அந்தச் சொல்லை ஆப்பிளுக்குச் சொன்ன முதல் ஆள் அநேகமாக நான்தான், அதுவும் மனசுக்குள்.

என் வீட்டார் அறிந்த பழம் தர்பூசணி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பிறர் நிலத்தில் தர்பூசணி அறுத்தவர்கள். கொடியிலிருந்து அறுத்த நிமிஷத்தோடு தர்பூசணி பழுப்பதை நிறுத்திவிடும். அதனால் கடைசி நாள் வரை கொடியிலேயே விட்டு, முழுசாகப் பழுத்ததும் அறுத்து, அன்றைக்கே வண்டி ஏற்றி, மறுநாளே விற்றாக வேண்டும். பிறகு நைனா தானே மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் குவியல் போட்டு விற்றார். வாங்குகிறவர் சந்தேகமாகப் பார்த்தால், நீளக் கத்தியின் முனையால் பழத்தில் முக்கோணமாகக் குத்தி ஒரு துண்டை உருவி எடுத்துக் காட்டுவார். உள்ளே சிவப்பாக இருந்தால் வியாபாரம், வெளிறியிருந்தால் அந்தப் பழம் எங்கள் வீட்டுக்கு. சிறுவயதில் நான் தின்றதெல்லாம் அப்படி வெளிறி வந்த பழங்கள்தான். இப்போது அம்மா மகாபலிபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். நைனா புதுப்பட்டினம் பஸ் நிலையத்தருகே தள்ளுவண்டியில், கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர்களுக்கு ஆப்பிளும் மாதுளையும் விற்கிறார். "அந்த ஊரு வெள்ளக்காரங்கோ எல்லாம் இங்க வந்து குந்திகினு கீறாங்கோ, நீ இன்னாத்துக்கு அங்க போய் கீறே?" என்று அம்மா போனில் கேட்பாள். நல்ல கேள்விதான்.

பேக்ஹவுஸ் மேனேஜர் பிரையனும் என்னை ஒரு கேள்வி கேட்டார். "எஸ்தர் என்பது எங்களுக்காக வைத்துக்கொண்ட பெயரா?" ஞானஸ்நானத்தில் வைத்தது என்றேன். "புரிகிறது. உண்மையான பெயர் என்ன?" எஸ்தர்தான் என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இன்றுவரை விருந்தாளிகளிடம் "இவள் எஸ்தர், இது இவளுடைய ஆங்கிலப் பெயர்" என்றுதான் அறிமுகம் செய்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் விசாவில் இந்தக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அடுத்த தெருவில் வேலை காலி என்றால்கூட நான் போய்க் கதவைத் தட்ட முடியாது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடியும்போது, இவள் எங்களுக்குத் தேவை என்று பிரையன் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அவர் எழுதினால் நான் இருக்கலாம்.

பேக்ஹவுஸின் பின்புறம் நீண்டகாலச் சேமிப்பு அறைகள் இருக்கின்றன. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது. அறை நிறைந்ததும் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் அடைத்து, உள்ளேயிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவார்கள். சாகாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. அந்த மூச்சைக் குறைத்தால் பழுப்பதும் குறைகிறது. மாதக்கணக்கில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்து உள்ளே போனால் மனிதர் மயங்கி விழுந்துவிடுவார். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தால் மங்கிய வெளிச்சத்தில் தொட்டி தொட்டியாக ஆப்பிள்கள், ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், கடைகளில் இரவு பகல் நிற்கிற படித்த பிள்ளைகள், இதை வாசிக்கும் என்னைப் போன்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் ஏன் பிடிக்காது என்று என்னிடம் விளக்கம் கேட்க மாட்டீர்கள்.

எங்கள் பேக்ஹவுஸ் பெட்டியில் நீல வானத்தில் ஒரு வெள்ளைப் பறவை பறக்கும் படம் இருக்கும். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தப் படத்தைப் போனில் கேட்டு வாங்கிப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டார். கோயம்பேட்டிலிருந்து பெட்டி இறக்கும் காதர் பாயின் கடைக்குப் போனால், அந்தப் பறவை இருக்கும் பெட்டியைத்தான் எடுப்பார். மற்ற நாட்டு ஆப்பிள் மலிவாக வந்தாலும் தொட மாட்டார். "பறவ படம் இல்லாட்டி நம்ம அண்ணாத்தைக்கு ஆப்பிளே கண்ணுக்குத் தெரியாது. பாய், பறவ வந்துச்சா, பறவ வந்துச்சான்னு என் உசுர வாங்கறாரு" என்று காதர் பாய் என்னிடமே சொல்லிச் சிரித்தார். வண்டியில் அந்த அட்டையின் மூடியை வெட்டி ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார் நைனா. யார் வந்தாலும், "எம்பொண்ணு கம்பெனி. அது கையால அறுத்துப் பாத்து சரின்னு சொன்னாத்தான் கப்பலே கெளம்பும்" என்பார். கப்பல் விஷயத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னார் என்றாலும், நான் திருத்தவில்லை.

எங்கள் சபையில் பெருமழைக்கு முன்னால் அறுப்பின் பண்டிகை வரும். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு வெளியே பந்தலில் நீள மேசை போட்டு, அவரவர் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், பூசணி, சேவல். அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் தின்பண்டமாக இருந்தால் அங்கேயே பங்கிட்டுக் கொடுப்பதும் வழக்கம். வருஷமெல்லாம் அறுத்தவர் நைனா. ஆனால் அறுத்ததில் ஒரு பிஞ்சுகூட எங்களுடையது இல்லை. அதனால் கடையில் ஒரு தேங்காய் வாங்கிவந்து, மேசையின் ஓரத்தில் யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டு வருவார். நான் இங்கே வேலையில் சேர்ந்த வருஷம், வெள்ளைப் பறவைப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நேராக நடு மேசைக்குப் போனாராம். "எம்பொண்ணு அறுப்பு" என்று சொல்லி இறக்கி வைத்தாராம். அம்மா இதைச் சொன்னபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றேன்.

போன வருஷம் விடுமுறையில் ஊரில் இருந்தேன். பண்டிகைக்குப் புதுப் புடவை கட்டி அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஏலம் விடுகிற தாவீது மாமா மைக்கைப் பிடித்து, "அடுத்து ஃபாரின் ஆப்பிளு! நம்ம எஸ்தர் பாப்பா கையால பாத்து அனுப்பிச்சது. பாப்பா இதோ குந்திகினு கீது, வேணும்னா கேட்டுக்கோங்கோ!" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "கோயம்பேட்டுல பஸ் ஏறி வந்த ஃபாரினா?" என்று கத்தினான். "பொட்டிய பாருடா! படிச்சவன்தானே நீ, இன்னா எழுதிகீதுன்னு படி!" என்று நைனா பதில் கொடுத்தார். பந்தலே சிரித்தது. டவுன்ஷிப்பில் வேலை செய்யும் ஒருவர் ஏலத்தில் எடுத்து, பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுங்கள் என்று அங்கேயே தந்துவிட்டார்.

முதல் ஆப்பிளை வெட்டினார்கள். தோல் கண்ணாடி மாதிரி சிவப்பு. உள்ளே நடுப்பகுதி முழுக்க ஊறின டீத்தூள் நிறம். புழு அடித்தது போலிருக்கிறது என்று இரண்டாவதை எடுத்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவது. "இன்னா அண்ணாத்த, ஆப்பிளுக்குள்ள சப்போட்டாவ வெச்சி அனுப்பிச்சிகீறாங்கோ?" என்று யாரோ சொல்ல, பந்தல் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை நைனா சிரிக்கவில்லை. கத்தியைப் பிடுங்கி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனார். வெட்டிய பாதிகள் மேசை முழுக்க உருண்டன. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "இன்னா கண்ணு இது? நீ பாத்த பழந்தானா?"

நான் எழுந்துபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த தோட்ட எண்ணைப் பார்த்தேன். வால்ட்டரின் தோட்டம். நான் பார்த்த பழம்தான். அறுவடையின்போது வெட்டிப் பார்த்து, முழுக்கப் பழுத்துவிட்டது, நீண்ட நாள் தாங்காது, சில வாரங்களில் விற்றுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் நீண்டகால அறையில் இடம் மிச்சமிருந்தது, கடைசியில் விற்றால் நல்ல விலை. பிரையன் அதை அந்த அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். இத்தனையையும் பந்தலில், மைக்குக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "நான் பாத்ததுதான் நைனா" என்று மட்டும் சொன்னேன். அம்மா முந்தானையை விரித்துப் பாதிகளைப் பொறுக்கினாள். "மாட்டுக்கு ஆவும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வீட்டுக்கு நடக்கும்போது நடந்ததை நைனாவிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "அப்போ நீ வேணான்னு சொல்லிகீறே, அவன் கேக்கல." ஆமாம் என்றேன். "நீ இன்னா பண்ணே?" எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துப் பழத்தை வெட்டப் போனேன் என்றேன். நைனா தலையாட்டினார். "நானும் அதான பண்ணிகினு கெடந்தேன். இன்னும் ரெண்டு நாள் போவட்டும், பழுக்கலன்னு சொல்லுவேன். நெலத்துக்காரு அறுன்னுவாரு. அறுத்துப் போட்டுட்டு வந்துகினே இருப்பேன்." குத்திக்காட்டவில்லை. நானும் தன்னைப் போலத்தான் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் என்னை அறைந்த மாதிரி இருந்தது. அவர் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது என்றுதானே கல்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அத்தனை வருஷம் பஸ்ஸில் நின்றேன்?

இந்த வருஷம் இங்கே வெயில் சீக்கிரமாகவே ஏறிவிட்டது. வால்ட்டரின் தோட்டம் மொத்தமாக ஒரே வாரத்தில் பழுத்தது. போன வருஷம் உள்ளே கருத்துப்போன பெட்டிகளுக்கு வெளிநாட்டு வியாபாரிகள் கேட்ட நஷ்டஈட்டை அவர் கணக்கில்தான் கழித்திருந்தார்கள். பாதி மரங்களை விற்கப்போவதாக ஊரில் பேச்சு. நான் பழம் எடுத்து வெட்டினேன்: மருந்து தெளித்தும் எங்கும் வெள்ளை. பிரையன் மேசைக்கு வந்து பார்த்தார். நீண்டகால அறையில் கடைசி வரிசை ஒன்று காலியாக இருந்தது, அதை நிரப்பாமல் கதவைச் சாத்த அவருக்கு மனமில்லை. "இன்னொரு தடவை எடுத்துப் பார், எஸ்தர். இந்த முறை உள்கிளைகளிலிருந்து எடு" என்றார்.

ஒரே மரத்தில் வெயில் படும் வெளிக்கிளைப் பழம் முந்திப் பழுக்கும், நிழலில் இருக்கும் உள்கிளைப் பழம் பிந்திப் பழுக்கும். அதனால் இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும் என்பது விதி. நிழல் பக்கத்தில் மட்டும் எடுத்தால் அழகாகக் கருக்கும், தோட்டம் முழுக்கச் செங்காய் என்று எழுதிவிடலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் "பார்க்கிறேன்" என்றேன். எங்கள் ஊரில் பெரியவர்களிடம் முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. பிரையன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "நல்லது. உன் கடிதமும் என் மேசையில்தான் இருக்கிறது, இந்த வாரமே முடித்துவிடலாம்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். அவர் போனபிறகு கை கழுவப் போனேன். கழுவிய கையை எதற்கென்று தெரியாமல் மறுபடியும் கழுவினேன்.

சாயங்காலம் தோட்டத்து வேலியோரம் நின்று நைனாவைக் கூப்பிட்டேன். புதுப்பட்டினத்தில் அப்போது உச்சிவெயில். பஸ் ஹாரன் காதைக் கிழித்தது.

"இன்னாமா, துன்னியா?"

"துன்னேன் நைனா." நடந்ததைச் சொன்னேன்.

"கையெழுத்து அவன்தானே போடணும்? அவன் சொல்ற கெளயில புடுங்கிட்டுப் போயேன். எந்தக் கெளயா இருந்தா இன்னா, அதே மரந்தானே?"

"அதே மரந்தான். ஆனா அது பொய், நைனா. மறுபடியும் கருத்துப் போயி வரும்."

"வரட்டுமே. கருத்தத நான் துன்னுட்டுப் போறேன். நீ வாய மூடிகினு வேலயப் பாரு. சும்மா பேஜாரு பண்ணிகினு நிக்காத."

"இந்த வருஷம் வேற பொட்டி வாங்கு நைனா. எங்க பொட்டி வேணாம்."

 "வேற எவன் பொட்டிய கொண்டும்போயி நடு மேசையில வெக்கறது? சொல்லு" என்றார். யாரோ மாதுளை என்ன விலை என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வால்ட்டரின் தோட்டத்துக்குக் கூடையோடு போனேன். நிழல் பக்கத்துக் கிளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆப்பிள்கள் பச்சை கலந்து குளிர்ந்திருந்தன. இந்த ஒரு கிளையிலேயே கூடையை நிரப்பிவிட்டால் போதும். கடிதம் வந்துவிடும், கத்தி என் கையிலேயே இருக்கும், நைனா வண்டியில் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கும். பந்தலில் அவர் பிடுங்கிய கத்தியும் நினைவுக்கு வந்தது. நிழலில் பாதி, வெயிலில் பாதி என்று எப்போதும்போல எடுத்தேன். மேசையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது வால்ட்டர் வந்து எதிரே நின்றார்.  மருந்து தெளித்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். நிழல் பக்கத்துப் பழங்களில் ஓரத்தில் லேசாகக் கருத்தது, மற்றதெல்லாம் வெள்ளை. "பழுத்துவிட்டது" என்றேன், இந்த முறை சிரிக்காமல். அவர் தொப்பியைக் கழற்றவில்லை, இழுத்துச் சரியாக அழுத்திக்கொண்டார். தன் பழத்தை நீண்டகால அறைக்குத் தர முடியாது என்று பிரையனிடம் சொல்லிவிட்டு, மொத்தத்தையும் பக்கத்து நகரக் கடைகளுக்கு அனுப்பினார். அந்த ஆப்பிள்களை ஜனங்கள் அந்த மாதமே தின்று தீர்த்தார்கள். கடைசி வரிசை காலியாகவே அறை மூடப்பட்டது.

பிரையன் கோபப்படவில்லை, கடிதத்தையும் கொடுத்தார். அதில் கம்பெனியின் பெயர் அதேதான், என் பெயரும் அதேதான். வேலையின் பெயர் மட்டும் மாறியிருந்தது: பெட்டி அடுக்குபவர். பரிசோதனை மேசையில் இப்போது வேறொருவர் நிற்கிறார், சொன்ன கிளையில் எடுக்கிறவர். வால்ட்டருடையதைத் தவிர மற்ற தோட்டங்களை இந்த வருஷம் கடைசியில் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பழம் கொண்டுவரும் கன்வேயர் பட்டையருகே கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆப்பிள்கள் உருண்டு வரும், எடுத்து அட்டைக் குழிகளில் வைக்க வேண்டும். திரும்பிப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகலாம். சென்னைப் பக்கம் நாவலூரிலோ ஊரப்பாக்கத்திலோ ஏதாவது ஒரு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் தள்ளுவண்டியில் ஆணியடித்துத் தொங்கும் அந்த அட்டை மூடியை யார் கழற்றுவது? நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம், வேலை நன்றாகப் போகிறது என்கிறேன். அவர் பெருமையாகச் சொல்லிவைத்த மகளுக்குள் நான் அடைபட்டிருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்றுதான் தெரியும்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகை முடிந்துவிட்டது. அம்மா போனில் வீடியோ பிடித்து அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். நடு மேசையில் வெள்ளைப் பறவைப் பெட்டி. பக்கத்தில் நைனா, கையில் பழைய தர்பூசணிக் கத்தி. ஏலம் தொடங்குமுன் ஒவ்வொரு ஆப்பிளாக எடுக்கிறார், கத்தி முனையால் முக்கோணமாகக் குத்துகிறார், ஒரு துண்டை உருவிப் பார்க்கிறார், வாயில் போட்டுக்கொள்கிறார். சில ஆப்பிள்களை மேசைமேல் வைக்கிறார். சில சமயம் கை மேசைக்குக் கீழே போய்விட்டு வெறுமனே மேலே வருகிறது. "அண்ணாத்த, அது தர்பூசு இல்ல, ஆப்பிளு!" என்று தாவீது மாமா மைக்கில் சொல்ல, பந்தல் சிரிக்கிறது. "வெட்டுன எடம் கருக்குது பாரு" என்கிறாள் ஒருத்தி. "அது காத்து பட்டுக் கருக்குது, அத்த இன்னா பண்றது. உள்ள பாரு, வெள்ள" என்று நைனா பழத்தைத் தூக்கிக் காட்டுகிறார்.  அம்மா போனை மேசைக்குக் கீழே திருப்பவே இல்லை. நைனாவின் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது.

உடனே கூப்பிட்டேன். ஊரில் அது விடியற்காலை, பழம் எடுக்கப் போக நைனா எழுந்திருந்தார். "எத்தினி கருத்துப் போயிருந்துச்சி நைனா?"

"ஒண்ணியும் இல்ல. எல்லாம் வெள்ளதான். சோக்கா ஏலம் போச்சி."

"மேசைக்குக் கீழ எதுனா பையி வெச்சிருந்தியா?"

"எந்தப் பையி? கருக்கறதுக்கு இன்னா கீது? நீ அறுத்துப் பாத்து அனுப்பிச்சதாச்சே, கண்ணு."

"ஆமா நைனா" என்றேன்.

மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு பட்டையருகே போனேன். அடுத்த பெட்டிகள் சென்னைத் துறைமுகத்துக்கு. அடுக்குவதற்கு இங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஆப்பிளிலும் வெயில் பட்டுச் சிவந்த ஒரு பக்கமும், நிழலில் கிடந்து வெளிறிய ஒரு பக்கமும் இருக்கும். கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, சிவந்த பக்கம் மேலே தெரியும்படி, வெளிறிய பக்கத்தைக் குழிக்குள் மறைத்து வைக்க வேண்டும். வைத்தேன். பெட்டி நிறைந்ததும் பறவைப் படம் போட்ட மூடி வந்து அதன்மேல் உட்கார்ந்தது.